புகார் எதுவும் சொல்லவில்லை

நோயாளி அறையின் விளக்கு இரண்டு முறை அணைந்து எரிந்தது. நர்ஸ் நிமிர்ந்து பார்த்தாள். வாசலில் யாரும் இல்லை.

இதற்குப் போய்ப் பயப்படுவார்களா என்று கேட்கலாம். அந்தப் பள்ளியில் கதவைத் தட்டுகிற வழக்கம் கிடையாது. காது கேளாத பிள்ளைகள் தங்கிப் படிக்கிற இடத்தில் கதவைத் தட்டி என்ன புண்ணியம்? அதனால் ஒவ்வொரு அறைக்கும் வெளியே, குழந்தைகளின் கைக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு சுவிட்ச் வைத்திருந்தார்கள். வருகிறவர் அதை இரண்டு தடவை அமுக்கினால் உள்ளே விளக்கு கண் சிமிட்டும். உள்ளே வரலாமா என்று அர்த்தம். சில வால்கள் விளையாட்டுக்கு அமுக்கிவிட்டு ஓடுவதும் உண்டுதான். ஆனால் சனிக்கிழமை மாலை நாலரை மணிக்குப் பிள்ளைகள் எல்லோரும் பின்கட்டுப் படிப்புக் கூடத்தில் இருப்பார்கள். அதுவும் போக, மூன்று வாரமாக ஒரு பிள்ளையும் தானாக இந்த அறைப் பக்கம் வருவதில்லை. காய்ச்சல் அடித்தால்கூடப் போர்வைக்குள் மறைத்துக்கொண்டார்கள். வார்டன்தான் நெற்றியைத் தொட்டுப் பார்த்து இழுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது.

"எந்தக் குரங்கும்மா அது?" என்றாள் சிட்டு, ஒன்றாம் எண் கட்டிலில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டே.

சிட்டு நர்ஸின் ஒரே மகள். ஆறு வயது. காது நன்றாகக் கேட்கும், வாய் அதைவிட நன்றாகப் பேசும். அப்பாவுக்கு வெளியூரில் வேலை என்பதால் விடுமுறை நாளெல்லாம் அம்மாவோடு இந்த அறையில்தான். கட்டிலோடு பேசுவாள், தெர்மாமீட்டரோடு பேசுவாள், தூக்கத்திலும் யாரையாவது திட்டுவாள். "கொஞ்சம் வாய மூடுடி, காது வலிக்குது" என்று நர்ஸ் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறாள். ஒரு தடவையும் மனதார இல்லை. நாள் முழுக்கப் பேச்சுச் சத்தமே இல்லாத கட்டடத்தில் அந்தக் கீச்சுக் குரல் ஒன்றுதான் அவளுக்கு மூச்சு. இந்த மூன்று வாரமாக அது இன்னும் அதிகமாகத் தேவைப்பட்டது.

"நான் போய்ப் பாத்துட்டு வரேன். எதையும் தொடாத" என்று எழுந்து வெளியே வந்தாள்.

தாழ்வாரம் நீளமாகக் கிடந்தது. காலையில் துடைத்த பினாயில் வாடையும், மழையில் ஊறிய சுண்ணாம்புச் சுவரின் வாடையும், அதற்கடியில் இன்னதென்று சொல்ல முடியாத, நாள்பட்ட கட்டுத்துணியை அவிழ்க்கும்போது வருமே அந்தப் புளித்த வாடையும் கலந்து மூக்கில் ஏறின. கூரைத் தகரத்தில் மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்தது, தாழ்வாரத்தின் பாதி வரை சாரல் அடித்துத் தரை பளபளவென்று நனைந்திருந்தது. ஈரத்தில் ஒரு காலடித் தடமும் இல்லை. சுவிட்சின் மேல் மட்டும், வெள்ளைப் பிளாஸ்டிக்கில், மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் தொட்டு மோந்து பார்த்தாள். அரிப்புக்குப் போடுகிற களிம்பு.

விரலைத் தன்னிடமிருந்து தள்ளிப் பிடித்தாள்.

அந்தக் களிம்பை அவள் கடைசியாகப் போட்டது மூன்று வாரம் முன்பு, மூன்றாம் எண் கட்டிலில் கிடந்த ஒன்பது வயதுப் பெண்ணுக்கு. வாலு என்று எல்லோரும் கூப்பிடுகிற பெண். உடம்பெல்லாம் தடிப்பு. சொறிந்து சொறிந்து ரத்தம் வரவழைத்துக்கொண்டு வந்தாள். நர்ஸ் களிம்பைத் தடவிவிட்டு, மறுபடி சொறியக் கூடாதென்று இரண்டு கைகளையும் விரலோடு சேர்த்துப் பஞ்சு வைத்து, முழங்கை வரை துணி சுற்றி, இறுக்கிக் கட்டினாள். நல்லதுக்குத்தான் செய்தாள். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனால் அது எந்தப் பள்ளி என்பதை மறந்துவிட்டாள். விரலால் பேசுகிற பிள்ளையின் விரல்களைக் கட்டினாள். மற்றவர்களுக்கு வாயில் துணியை அடைத்தால் என்னவோ, அதுதான் அது.

மூன்று வருடம் அங்கே வேலை பார்த்தும் அவள் சைகை மொழி கற்றுக்கொள்ளவில்லை. சைகை டீச்சர் பல தடவை வகுப்புக்குக் கூப்பிட்டாள். "வலிக்குதா, வாந்தியா, வயித்தால போகுதா, இதக் கேக்க எனக்கொரு பாஷையா டீச்சர்?" என்று சிரித்தாள். சுவரில் மனித உடம்புப் படம் ஒன்றை மாட்டி வைத்திருந்தாள், பிள்ளைகள் அதில் தொட்டுக் காட்டுவார்கள். "செவிடன் காதுல ஊதுன சங்குதான் நம்ம உத்தியோகம்" என்று அலுவலகத்தில் சொல்லுவாள், காது கேட்கிறவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள். அவளுக்குத் தெரிந்த சைகை ஒன்றே ஒன்று. வலி. இரண்டு ஆட்காட்டி விரல்களையும் நீட்டி, வலிக்கிற இடத்துக்கு முன்னால் ஒன்றை ஒன்று குத்த வருவது போல ஆட்டுவது. அதை அவள் தினமும் பார்த்தாள்.

அன்று மாலை வாலு இரண்டு வெள்ளைப் பொட்டலங்களையும் வயிற்றுக்கு முன்னால் வைத்து ஒன்றோடொன்று மோதினாள். மோதிக்கொண்டே இருந்தாள். கட்டை அவிழ்க்கச் சொல்லி அடம் பிடிக்கிறாள் என்று நர்ஸ் தலையை ஆட்டி முடியாது என்றாள். பிள்ளை அழுதது. மறுபடி மோதியது. நர்ஸ் விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

காலையில் வயிறு பலகையாக இருந்தது. குடல்வால் வெடித்து, மருத்துவமனை போகிற வழியிலேயே முடிந்துவிட்டது. நர்ஸ் பதிவேட்டை எடுத்து, முந்தின இரவுக்கு நேரே எழுதினாள்: 'நோயாளி புகார் எதுவும் சொல்லவில்லை.' தலைமையாசிரியை படித்தார், டாக்டர் படித்தார், இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறதென்றால் இப்படி மறைக்க வேண்டும்.

வாலுவின் அம்மாவுக்கும் காது கேட்காது. அவள் வந்து நின்று கையால் ஒன்று கேட்டாள். "பொண்ணு கடைசியா என்ன சொன்னான்னு கேக்கறாங்க" என்று சைகை டீச்சர் பெயர்த்துச் சொன்னாள். "ஒண்ணும் சொல்லல" என்றாள் நர்ஸ். அந்தத் தாய் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுடைய கைகளைப் பார்த்தாள். வெகு நேரம் பார்த்துவிட்டுப் போனாள். சன்னலுக்கு வெளியே பிள்ளைகள் கும்பலாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நர்ஸ் களிம்பைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அறைக்குத் திரும்பினாள். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும், வேறொன்றுமில்லை என்று சொல்லிக்கொண்டாள். வாசலை மிதிக்கும்போதே அந்தச் சத்தம் கேட்டது.

கீ என்ற மெல்லிய விசில். காதுக் கருவிகளோடு வேலை செய்கிறவர்களுக்கு அது பழக்கமான சத்தம். கருவி உயிரோடு இருக்கும்போது அதைக் கைக்குள் பொத்தினாலோ காதருகே சரியாகப் பொருந்தாமல் வைத்தாலோ இப்படித்தான் கத்தும். போட்டிருக்கிற பிள்ளைக்குக் கேட்காது, சுற்றியிருக்கிறவர்களுக்குக் காதைத் துளைக்கும். சத்தம் மேசையின் கீழ் இழுப்பறையிலிருந்து வந்தது. அதற்குள் வாலுவின் கருவி ஒன்றுதான் இருந்தது. திருப்பிக் கொடுக்க மறந்துபோய், பிறகு கொடுக்கத் துணிச்சல் வராமல் போட்டு வைத்தது.

இழுத்தாள். விசில் உரத்தது. கருவி பஞ்சின் மேல் கிடந்தது. பாட்டரி மூடி திறந்திருந்தது, உள்ளே பாட்டரி இல்லை. அவளே கழற்றியது. கையால் எடுக்க மனம் வராமல் இடுக்கியால் தொட்டாள். சத்தம் சட்டென்று நின்றது. மூடியிருந்த கையை யாரோ விலக்கிக்கொண்டது போல இருந்தது.

"சிட்டு, நீ இத எடுத்தியா?"

திரும்பிப் பார்த்தாள்.

சிட்டு கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். ஒன்றாம் எண் கட்டிலில் இல்லை, இரண்டில். முகம் மூன்றாம் எண் கட்டிலைப் பார்த்திருந்தது. அந்தக் கட்டிலில் சுருட்டிய மெத்தையைத் தவிர எதுவும் இல்லை. சிட்டுவின் கைகள் அசைந்துகொண்டிருந்தன. குழந்தைகள் விளையாட்டுக்குக் கையை ஆட்டுவதில்லையா, அப்படி இல்லை. விரல்கள் மடங்கின, விரிந்தன, நெஞ்சைத் தொட்டன, காற்றில் ஒரு வட்டம் போட்டு நின்றன. நின்று, எதிரே பார்த்தன. பதிலுக்குக் காத்திருந்தன.

"யார்கிட்டடி பேசற?"

"அக்காகிட்ட."

"எந்த அக்கா?"

சிட்டு கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள், பிறகு அம்மாவை. ரகசியம் சொல்கிற முகம். "உங்கிட்ட சொன்னா புரியாதாம்மா. நிறையத் தடவ சொல்லிப் பாத்தாளாம்."

நர்ஸ் மகளின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பிடித்த வேகத்தில் சிட்டு முகத்தைச் சுளித்தாள். "இங்க வேணாம்டி தங்கம். வீட்டுக்குப் போலாம் வா. ஏதாச்சும் பேசு, பேசிட்டே வா, அம்மா கேக்கறேன்."

"இனிமே வாயால பேசக் கூடாதாம்" என்றாள் சிட்டு.

அவள் வாயிலிருந்து வந்த கடைசிப் பேச்சு அதுதான்.

அப்போது தரை அதிர்ந்தது. பிள்ளைகள் ஒருவரையொருவர் கூப்பிடக் காலால் தரையை உதைப்பார்கள், அதிர்வு உள்ளங்காலில் ஏறும், திரும்பிப் பார்ப்பார்கள். இந்த அதிர்வும் உள்ளங்காலில்தான் ஏறியது. ஒரு உதை. இடைவெளி. இன்னொன்று. தாழ்வாரத்தின் கோடியிலிருந்து, சத்தமே இல்லாமல். வந்தது எந்தப் பிள்ளையானாலும் பிடித்து ஒரு அறை விட்டால் இந்தப் பயம் தெளிந்துவிடும் என்று நர்ஸுக்குத் தோன்றியது. கோபம் வந்தால் பயம் போகும் என்று நினைக்கிறவள் அவள். விடுவிடுவென்று நடந்தாள். கோடிக்குப் போனால் உதை பின்னால் கேட்டது, அதாவது, காலில் தெரிந்தது. அறையிலிருந்து.

ஓடி வந்தாள். எல்லாம் சேர்ந்து இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

மருந்து அலமாரி திறந்து கிடந்தது. சாவி அவள் இடுப்பில் இருந்தது. அலமாரியின் எல்லாப் புட்டிகளும் மூன்றாம் எண் கட்டிலைச் சுற்றித் தரையில் வரிசையாக நின்றன. வலிப்பு மாத்திரை, ரத்த சோகை மாத்திரை, அரிப்புக்கான சிரப், காயம் கழுவுகிற திரவம். ஒன்று விடாமல் மூடி திறந்திருந்தது. நடுவில் சிட்டு. உதட்டோரம் ஈரம். மடியில் கை.

"என்னடி குடிச்ச? எதக் குடிச்ச?"

சிட்டு அம்மாவின் வாயைப் பார்த்தாள். கண்ணைப் பார்க்கவில்லை, வாயை. அந்தப் பார்வை நர்ஸுக்குத் தெரியும். மூன்று வருடமாக நூறு பிள்ளைகள் அவள் உதட்டை அப்படித்தான் பார்த்திருக்கிறார்கள், ஒன்றும் பிடிபடாமல்.

எஃகுத் தட்டைத் தூக்கி மகளின் முதுகுக்குப் பின்னால் தரையில் எறிந்தாள். கத்தரிக்கோலும் இடுக்கியும் சிதறின. சிட்டு திரும்பவில்லை. இமைகூட ஆடவில்லை.

வாயில் விரல் விட்டு வாந்தி எடுக்க வைக்கப் போனவள், நின்றாள். டாக்டருக்குப் போன் போட்டாள். இரண்டு தடவை தப்பான எண்ணை அமுக்கினாள்.

"ஆம்புலன்ஸ் அனுப்பறேன். இந்த மழைல வர அரை மணி ஆகும்" என்றார் டாக்டர். "அதுக்குள்ள எத முழுங்கினான்னு தெரிஞ்சாகணும் சிஸ்டர். ஒண்ணுன்னா வாந்தி எடுக்க வைக்கணும். இன்னொண்ணுன்னா வாந்தி எடுத்தா ஆளே போயிடும். ஆறு வயசுதான, கேளுங்க. பேசற பிள்ளதான?"

"பேசற பிள்ளதான் டாக்டர்" என்றாள் நர்ஸ்.

பேசற பிள்ளை பேசிக்கொண்டுதான் இருந்தது. இரண்டு கைகளாலும். பொறுமையாக, தெளிவாக, புட்டிகளின் பக்கம் ஒருமுறைகூட விரல் நீட்டாமல், வாக்கியம் வாக்கியமாகச் சொன்னது. இன்னதை, இவ்வளவு, இப்படி என்று சொல்லியிருக்கும். நர்ஸுக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை. புட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள், எல்லாவற்றுக்கும் சிட்டு ஒரே மாதிரி கையை அசைத்தாள். சுவரிலிருந்த உடம்புப் படத்தைப் பிய்த்துக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். சிட்டு அதைப் பார்த்து, பாவமே என்று தலையை ஆட்டினாள். மறுபடி முதலிலிருந்து சொன்னாள். நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கண் சொருக ஆரம்பித்தது.

சைகை டீச்சருக்குப் போன் போட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வார்டன் ஒரு பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தாள்.

பிள்ளைகள் இருக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் புரியும்.

மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மழையில் ஓடினாள். ஓடும்போது முதுகில் சிட்டுவின் விரல்கள் அசைவது தெரிந்தது. பின்னால் யாருக்கோ சொல்லிக்கொண்டு வந்தாள். நர்ஸ் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓடுகிற ஓட்டத்தில் அவளுக்கு ஒன்று நினைவு வந்தது. இத்தனை நாள் தனக்கே சொல்லாமல் வைத்திருந்தது. அன்று விளக்கை அணைக்க சுவிட்சில் கை வைத்தபோது, கடைசியாகத் திரும்பிப் பார்த்தாள். வயிற்றுக்கு முன்னால் இரண்டு பொட்டலங்கள். ஒன்றை ஒன்று குத்த வந்தன. விரல் இல்லாமலும் அது என்ன சைகை என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு நொடி தெரிந்தது. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தாள். கால் வலித்தது, தூக்கம் வந்தது. அவ்வளவுதான் காரணம்.

படிப்புக் கூடத்தில் நாற்பது பிள்ளைகள் இருந்தார்கள். அவள் காலடி அதிர்வில் எல்லாத் தலைகளும் ஒன்றாகத் திரும்பின. சிட்டுவை முன் மேசையில் உட்கார வைத்து முதுகைத் தாங்கிக்கொண்டாள். சிட்டு தலையை நிமிர்த்த முடியாமல் நிமிர்த்தி, கைகளைத் தூக்கினாள். சொன்னாள்.

நாற்பது ஜோடிக் கண்கள் அந்தச் சின்ன விரல்களைப் பார்த்தன. கடைசி வரை பார்த்தன. எல்லோருக்கும் புரிந்தது. அது அவர்கள் முகத்தில் தெரிந்தது. முன்வரிசையில் ஒரு பொடியன் வாயைப் பொத்திக்கொண்டான்.

நர்ஸ் கரும்பலகையில் கிறுக்கினாள்: 'எதைக் குடித்தாள்? சொல்லுங்கள்.' சாக்பீஸ் உடைந்தது. உடைந்த துண்டை, பிள்ளைகளுக்கெல்லாம் லீடரான பெரிய பெண்ணின் கையில் திணித்தாள். பதினாறு வயது இருக்கும். தமிழ் நன்றாக எழுதுவாள். நர்ஸ் அவள் முன்னால் கை கூப்பினாள். முழங்கால் போட்டாள்.

லீடர் கூப்பிய அந்தக் கைகளைப் பார்த்தாள். சாக்பீஸை மேசையில் வைத்தாள்.

பிறகு கண்களை மூடிக்கொண்டாள்.

காது கேட்கிறவர்களுக்குக் கேட்கப் பிடிக்கவில்லை என்றால் காதைப் பொத்துவார்கள். காது கேளாதவர்களுக்கு இது. இதற்கு மேல் கத்தினாலும் எழுதினாலும் காலில் விழுந்தாலும் போய்ச் சேராது. முன்வரிசை மூடியது. இரண்டாம் வரிசை. மூன்றாவது. வாயைப் பொத்திய பொடியனும் மூடினான். நர்ஸ் லீடரின் தோளைப் பிடித்து உலுக்கினாள். இமையை விரலால் பிரிக்கப் பார்த்தாள். இறுகியிருந்தது. அடுத்த பிள்ளை. அதற்கடுத்தது. பெஞ்சு பெஞ்சாக ஓடினாள். வாய்விட்டு எல்லாவற்றையும் சொன்னாள், தெரியும் தெரியும் அன்னைக்கே எனக்குத் தெரியும் என்று கத்தினாள். கூடத்தில் அதைக் கேட்க ஒரு காது இல்லை.

மழை. மூடிய முகங்கள். வெளியே ஆம்புலன்ஸ் இல்லை.

மேசையில் சிட்டு சாய்ந்துகொண்டிருந்தாள். ஆனால் கை ஓயவில்லை. நின்று நின்று அசைந்தது. கேட்டது, காத்திருந்தது. சிட்டு தலையை ஆட்டினாள். யாரோ அவளோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நர்ஸ் மகள் பார்க்கிற திசையில் பார்த்தாள்.

கடைசிப் பெஞ்சு. சுவரோரம். அத்தனை மூடிய கண்களுக்கும் பின்னால் ஒரே ஒரு ஜோடிக் கண் திறந்திருந்தது. அது நர்ஸைப் பார்க்கவில்லை. அவசரமே இல்லாமல், கட்டு அவிழ்ந்த பத்து விரல்களாலும், அவள் மகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சிட்டு புரிந்தது என்று தலையாட்டிவிட்டு, சாய்ந்த உடம்பை மேசையிலேயே விட்டு இறங்கி, அந்தப் பக்கம் நடந்தாள்.